சமையலறைச் சுவர் விரிசலும் அஸ்திவாரமும்: கரிசல் மண் வீட்டில் செய்த வேலை

எங்கள் சமையலறையின் வடக்குச் சுவர் பழைய வீட்டோடு சேரும் இடம் இந்தக் கோடையில் அசையவில்லை. 2025 மே கடைசி வரை காலிப்பர் (மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தாயிற்று, போன மழைக்காலத்துக்கும் இந்தக் கோடைக்கும் வித்தியாசம் 0.4 மி.மீ.தான். அதற்கு முந்தைய வருடம் இதே இடம் 3 மி.மீ.க்கு மேல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆக, விரிசலுக்காகச் செய்த அஸ்திவார வேலை பலித்தது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்னால் அஸ்திவாரத்தில் கை வைப்பதா, இல்லை நேராக டைல்ஸ், பெயின்ட் என்று இறங்கிவிடுவதா என்று குழம்பி நிற்பவர்களுக்கு, முக்கியமாகக் கரிசல் மண்ணில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்தில். தாத்தா 1958இல் கட்டியது. சுண்ணாம்புக் காரை, நாட்டுச் செங்கல், ஒன்றேகால் அடிச் சுவர், மேலே மரக்கட்டை போட்ட மட்டப்பா, அதாவது தட்டைக் கூரை. 1987இல் அப்பா மேற்குப் பக்கம் 11க்கு 9 அடியில் ஒரு சமையலறையை ஒட்டிக் கட்டினார். அது முக்கால் அடிச் சுவர், சிமெண்ட் கலவை, மேலே கூரையாக நாலு அங்குல கான்கிரீட் தளம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னால் முழுக் கதையும் ஆகப்போகிறது, ஆனால் ஆரம்பத்தில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அது ஒரே வீடு.

2023 தொடக்கத்தில் வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்தோம். வயரிங் முழுக்க மாற்றம், எல்லா அறைக்கும் டைல்ஸ், சமையலறைக்குப் புது மேடை, அலமாரி, தெற்கே ஒரு குளியலறை. கையில் இருந்தது 9 லட்சம். விரிசல் மூன்று இடத்தில் இருந்தது. முதலாவது நான் மேலே சொன்ன வடக்குச் சுவர் சேரும் இடம்: நெட்டுக்குத்தாக, மேலே விரல் நுனி நுழையும் அகலம், கீழே வரவரக் குறுகல். இரண்டாவது சமையலறையின் மேற்குச் சுவரில், ஜன்னலின் மேல் மூலையிலிருந்து வடமேற்கு மூலையைப் பார்த்துப் படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகவே போகும் விரிசல். மூன்றாவது பழைய வீட்டுக்குள், இரண்டு கதவு நிலைகளின் மேல் மூலைகளில் மயிரிழைக் கீறல்கள்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கொத்திவிட்டு வலை வைத்துப் பூசிவிடலாம், டைல்ஸ் ஒட்டினால் தெரியவே தெரியாது என்றார். இரண்டாவது ஆள், வீடே உட்கார்ந்துகொண்டிருக்கிறது, முழு வீட்டுக்கும் அடியில் கான்கிரீட் கொடுக்காமல் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று சொல்லி ஆறரை லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்தார். அதைக் கொடுத்தால் மீதி இரண்டரை லட்சத்தில் வயரிங்கும் பாதி டைல்ஸும்தான் முடியும். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அண்ணன் முதல் ஆள் பக்கம், அம்மா இரண்டாவது ஆள் பக்கம்.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் இரண்டு மதிப்பீட்டையும் காட்டினேன். அவர் தாளைப் புரட்டக்கூட இல்லை. "ரெண்டு பேர்ல யாராவது குழி தோண்டிப் பாத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை. "விரிசல் கூடுதா, அப்படியே நிக்குதா, மூடித் திறக்குதான்னு அளந்தாங்களா?" அதுவும் இல்லை. அப்படியென்றால் இரண்டுமே ஊகம்தான், ஒரு கோடையும் ஒரு மழையும் அளந்துவிட்டு வா என்றார்.

ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் வீட்டில் யாருக்கும் பிடிக்காத பேச்சு. ஆனால் கரிசலில் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். எங்கள் காட்டில் சித்திரை வெயிலில் வெடிப்புக்குள் அரை முழக் குச்சியை விட்டால் அப்படியே உள்ளே போய்விடும். அந்த மண் மேலே நிற்கும் சுவரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கத்தான் செய்யும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து மூடும் விரிசலும், ஒரே பக்கமாக அகலமாகிக்கொண்டே போகும் விரிசலும் ஒருநாள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், வைத்தியம் மட்டும் வேறு வேறு.

அளக்கும் வேலையில் முதலில் தப்பான வழியில் போனேன். கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி வைத்தால் சுவர் அசையும்போது அது உடையும் என்று சொல்வார்கள். லேப் ஸ்லைடுகளை வாங்கி பாரிஸ் சாந்து வைத்து ஒட்டினேன். பழைய சுண்ணாம்புப் பூச்சு மாவாக உதிரும் நிலையில் இருந்ததால் கண்ணாடி உடையவில்லை, சாந்தோடு பெயர்ந்து கீழே விழுந்தது. ஒட்டி நின்ற இடத்தில்கூட அது பூச்சின் அசைவைத்தான் காட்டியது, செங்கலின் அசைவை அல்ல. அதன் பிறகு விரிசலின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கலில் 6 மி.மீ. துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டை அடித்து, பித்தளை ஸ்க்ரூ முடுக்கினேன். ஒரு இடத்துக்கு மூன்று ஸ்க்ரூ, முக்கோணமாக: விரிசலுக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. மூன்று தூரத்தையும் அளந்தால் விரிசல் அகலமாகிறதா, இல்லை ஒரு பக்கம் கீழே இறங்குகிறதா என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். இரும்பு ஸ்க்ரூ போட வேண்டாம், ஒரு மழையில் துரு ஏறித் தலை பருத்துவிடும். டிஜிட்டல் காலிப்பர் 900 ரூபாய். மாதத்துக்கு ஒருமுறை, காலை ஏழு மணிக்கு, வெயில் சுவரில் விழும் முன்னால்.

அதோடு டியூப் லெவலும் பார்த்தோம், குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் நிற்கும் நீர்மட்டத்தை வைத்து உயர வித்தியாசம் பார்ப்பது. 50 அடி ஒளி ஊடுருவும் குழாய், தண்ணீரில் இரண்டு சொட்டு சொட்டுநீலம். குழாய்க்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும், குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடந்தாலும் கெடும். இதுவும் விடியற்காலை வேலைதான். முன்வாசல் படிக் கல்லைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, பேஸ்மட்டத்தின் (தரைக்கு மேலே தெரியும் அஸ்திவார மேடை) மேல் விளிம்பைச் சுற்றிலும் பிடித்தோம். பழைய வீட்டின் நான்கு மூலைகளும் 6 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தன. 65 வருட வீட்டுக்கு அது அருமையான மட்டம். சமையலறையின் தென்மேற்கு மூலை 12 மி.மீ. கீழே. வடமேற்கு மூலை 31 மி.மீ. கீழே. 1987இல் கட்டும்போதே மட்டம் பிசகியிருக்கலாம்தான், ஆனால் விரிசல் போகும் திசையும் அந்த மூலையைத்தான் காட்டியது.

விரிசலின் அளவுகள் இப்படி வந்தன. வடக்குச் சுவர் இணைப்பில், தரையிலிருந்து 7 அடி உயரத்தில், 2023 மே மாதம் 6.8 மி.மீ. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழை எல்லோருக்கும் நினைவிருக்கும், மண் அதற்கு மேல் ஊற முடியாது என்கிற அளவுக்கு ஊறிய பிறகு ஜனவரியில் எடுத்த அளவு 3.6. மறுபடியும் 2024 மே மாதம் 7.1. அதே விரிசல், அடியில், ஒரு அடி உயரத்தில் 2.2, 1.5, 2.3. மேலே அதிகம், கீழே கொஞ்சம் என்றால் சமையலறை பழைய வீட்டை விட்டு மேற்குப் பக்கம் சாய்கிறது, மழையில் திரும்பி நிமிர்கிறது என்று அர்த்தம். பழைய வீட்டுக்குள் இருந்த மயிரிழைக் கீறல்கள்? 0.4, 0.4, 0.4. வருடம் முழுக்க ஒரு சலனமும் இல்லை.

இந்த எண்களைப் பார்த்த பிறகு வேறொன்றும் புரிந்தது. சில வருடம் முன்பு பெயின்டர் ஒருவர் கோடையில் இந்த விரிசலுக்குள் சிமெண்டை அடைத்துப் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழையில் அந்த இடம் வரப்பு மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது. மட்டமான வேலை என்று அவரைத் திட்டினோம். அவர் வேலையில் குறையே இல்லை, மூட வேண்டிய விரிசலுக்குள் கெட்டியான பொருள் இருந்தால் அது வெளியேதான் வரும்.

குழி தோண்டியது 2024 பிப்ரவரியில். பழைய வீட்டின் வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் ஒன்று, சமையலறையின் வடமேற்கில் ஒன்று. சுவரை ஒட்டி மூன்று அடி நீளத்துக்கு மேல் போகவில்லை. மூலையிலேயே தோண்டக்கூடாது, எடை முழுக்க அங்கேதான் இறங்குகிறது, இரண்டு அடி தள்ளித்தான் தோண்டினோம்.

சமையலறைக் குழியில் ஒன்றரை அடியிலேயே அஸ்திவாரம் முடிந்துவிட்டது. செங்கல் ஜல்லிக் கான்கிரீட் ஒரு படுகை, அதன் மேல் நேராகச் சுவர். கீழே சுத்தக் கரிசல். அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1904 குறியீடே எந்த மண்ணாக இருந்தாலும் குறைந்தது 50 செ.மீ. ஆழம் கேட்கிறது, இது 45 இருந்தால் அதிகம். பழைய வீட்டுக் குழியில் ஆள் இடுப்பு ஆழம் போய், அதற்கும் கீழே போய், ஐந்தேகால் அடியில்தான் அடி தெரிந்தது. கீழே இரண்டரை அடி அகலத்துக்குக் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், மேலே வரவர ஒடுங்கிக்கொண்டே வருகிறது. கடைசிக் கல் உட்கார்ந்திருப்பது சுக்கான் மேலே, கரிசலுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் சுண்ணாம்புக் கல் படிவம் அது. கடப்பாரை விட்டால் டங்கென்று சத்தம் வரும் வெள்ளை வெளேர் சுக்கான். காரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது.

தோண்டிய கொத்தனாருக்கு எழுபது வயது இருக்கும், அவருடைய அப்பாவும் இந்த ஊரில் கொத்தனாராக இருந்தவர். "சுக்கான் தட்டாம வானம் தோண்டுறத நிறுத்துனா எங்கய்யா மம்பட்டியக் கொண்டே அடிப்பாரு தம்பி. நடுவுல வந்தவங்கதான் சிமெண்டு இருக்குல்லன்னு மேலாலயே நிறுத்திட்டாங்க" என்றார். வானம் என்றால் அஸ்திவாரக் குழி. எங்கள் குழிகள் இரண்டுமே அவர் சொன்னதற்குச் சாட்சி.

இரண்டு மட்டத்திலிருந்தும் மண் எடுத்து ஒரு சோதனையும் செய்தேன், வீட்டிலேயே செய்யலாம், ஐ.எஸ். 2720 குறியீட்டில் 40ஆம் பகுதியில் இருப்பது. நன்றாகக் காயவைத்துப் பொடித்துச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவு ஜாடியில் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றுவது போதும்), மற்றதில் மண்ணெண்ணெய். குமிழி போகக் கிளறிவிட்டு 24 மணி நேரம் வைத்தால், மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும், வித்தியாசம்தான் கணக்கு. கரிசல் தண்ணீரில் 21 மி.லி., மண்ணெண்ணெயில் 11. அதாவது 90 சதவீதத்துக்கு மேல் உப்பும் மண். சுக்கானைப் பொடித்துப் போட்டது 12, 11. சரியான ஆய்வக முடிவு வேண்டுமென்றால் பொறியியல் கல்லூரிகளில் செய்து தருகிறார்கள், ஆனால் அண்ணனை நம்பவைக்க அந்த இரண்டு ஜாடியும் திண்ணையில் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே போதுமாக இருந்தது.

இத்தனையும் கையில் வந்த பிறகு முடிவு எளிது. பழைய வீட்டின் அஸ்திவாரத்தைத் தொடவே வேண்டாம். தொட்டிருந்தால் சுக்கானில் நன்றாக உட்கார்ந்திருக்கும் கல்லை ஆறரை லட்சம் செலவு செய்து கலைத்திருப்போம், அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. மூன்றாவது வகைக் கீறல்கள் பழைய பூச்சுக் கீறல்கள்தான். சமையலறைக்கு மட்டும் மூன்று வழி: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, அடியில் கான்கிரீட் கொடுத்துச் சுக்கான் வரை இறக்குவது, இல்லை தண்ணீரை மட்டும் சரிசெய்துவிட்டு விரிசலோடு வாழ்வது. இடித்துக் கட்ட நாலு லட்சத்துக்குக் குறையாது. மூன்றாவது வழியை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, கல் மேடையும் டைல்ஸும் போட்ட பிறகு அது வெடித்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றார், நியாயம்தான். இன்னொருவர் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போடச் சொன்னார். அடியில் குமிழ் வைத்த பைல் என்பது ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணை மனத்தில் வைத்தே உருவாக்கிய முறை, புது வீட்டுக்கு மிக நல்லது, நான் புதிதாகக் கட்டினால் அதைத்தான் போடுவேன். ஏற்கெனவே நிற்கும் முக்கால் அடிச் சுவரின் எடையை அந்தப் பைலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை, ஐந்து அடியில் சுக்கான் இருக்கும்போது தேவையும் இல்லை.

தண்ணீர் வேலை முதலில். சமையலறைத் தொட்டிக் கழிவு, தென்மேற்கு மூலையை ஒட்டிப் போன பழைய பீங்கான் குழாய் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தோண்டியபோது இரண்டு இணைப்பு வாய்விட்டிருந்தது, சுற்றி மண் கோடையிலும் சேறு. வடமேற்கு மூலைக்கு 12 அடி தள்ளி ஒரு பெரிய வேம்பு, அது அந்தப் பக்க ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடுகிறது. ஒரு மூலை எப்போதும் ஊறிக்கொண்டும் மறு மூலை எலும்பாகக் காய்ந்துகொண்டும் இருந்தால் நடுவில் இருக்கும் சுவர் என்ன செய்யும், முறுக்கத்தான் செய்யும். குழாயை எடுத்துவிட்டு, பி.வி.சி. போட்டு, வீட்டிலிருந்து 15 அடி தள்ளிப் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோனோம். மட்டப்பா மழைத் தண்ணீர் விழும் இரண்டு குழாய்களையும் தரைவரை இறக்கி அதே பக்கம் திருப்பினோம். மொத்தம் 22,000.

வேம்பை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்குப் பொறியாளர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். இத்தனை வருடம் அது இழுத்துக்கொண்டிருந்த ஈரம் திடீரென்று மண்ணிலேயே தங்கினால் அந்த மூலை உப்பி மேலே ஏறும், இறங்குவதைவிட ஏறுவது சுவருக்கு மோசம். வருடா வருடம் கிளையை மூன்றில் ஒரு பங்கு கழிக்கிறோம். மரம் இருக்கிறது, எனக்கு அதில் நிம்மதி.

அடிக் கான்கிரீட் வேலை 2024 ஜூனில் தொடங்கியது. எங்கள் பக்கம் அப்போது மழை கிடையாது, காற்றுதான். சமையலறையின் மூன்று வெளிச் சுவர்களும் சேர்த்து 29 அடி. அதைச் சுமார் மூன்று அடி வீதம் பத்துத் துண்டாகச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டு எண் எழுதினோம். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துத் துண்டைத் திறக்கவே கூடாது. முதலில் 1, 4, 7, 10. அப்புறம் 2, 5, 8. கடைசியாக 3, 6, 9. உள்ளே தளத்துக்கு அடியில் பலகை வைத்து ஆறு ஜாக்கி முட்டுக் கொடுத்தோம், ஜன்னலுக்குள் இரண்டு சவுக்குக் கட்டை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இறங்கிவிட வேண்டாம். சுவருக்கு அடியில் ஐந்து அடிக் குழிக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை செய்கிறார். காய்ந்த கரிசல் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்பதாகத் தெரியும், ஆனால் அதன் வெடிப்புகள் வழியாகக் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழும், 2ஆம் துண்டில் அரை வண்டி மண் அப்படி விழுந்தது, நல்லவேளை ஆள் சாப்பிடப் போயிருந்தார். அதற்குப் பிறகு மூன்றடி ஆழத்துக்குக் கீழே பலகையும் குறுக்குக் கட்டையும் இல்லாமல் யாரையும் இறங்கவிடவில்லை. அதை முதல் துண்டிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரே வேலைதான். சுக்கான் தட்டும்வரை தோண்டி, அதிலும் இரண்டு அங்குலம் கொத்தி, பழைய படுகையின் அடியைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, குழியின் பக்கவாட்டில் தடித்த பாலிதீன் தாள் விரித்து, 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி) இரண்டு அடி அகலத்துக்குப் போட்டோம். பாலிதீன் எதற்கு என்றால், பின்னால் மண் உப்பும்போது கான்கிரீட்டைப் பிடித்து மேலே இழுக்காமல் வழுக்கிப் போகட்டும் என்று. பக்கத்துத் துண்டோடு சேர்வதற்கு 12 மி.மீ. கம்பி நான்கு, ஒரு அடி நீட்டி விட்டோம். மேலே பழைய படுகைக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி விடுவது முக்கியம். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், நேராக முட்டிப் போட்டால் பிறகு ஒரு நூல் இடைவெளி வந்து சுவர் மறுபடியும் இறங்கும். மறுநாள், 1:3 சிமெண்ட் மணல் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், அழுத்தினால் தண்ணீர் வராது என்ற பதத்தில் பிசைந்து, கட்டையால் அடித்து அடித்து அந்த இடைவெளியில் திணித்தார்கள். கொத்தனார் இதற்கு மட்டும் சித்தாளை விடவில்லை, பத்துத் துண்டையும் அவரே குத்தினார். கட்டை திரும்பி எகிறும்வரை குத்த வேண்டும், அதுதான் அடையாளம்.

செலவு: சிமெண்ட் 38 மூட்டை 14,440. எம்-சாண்ட் ஒரு யூனிட் 5,500, ஜல்லி இரண்டு யூனிட் 8,000. கம்பி, பாலிதீன், சில்லறை 4,100. ஜாக்கி வாடகை 4,500. கூலி 46,000. ஆக 82,540. பொறியாளர் பணம் வாங்க மறுத்தார், வற்புறுத்தி 10,000 கொடுத்தோம்.

அது முடிந்த பிறகு வீட்டைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்கு நடைமேடை. மேலே இருந்த கரிசலை ஒரு அடி வெட்டி எடுத்துவிட்டு, சரளை மண் இரண்டு அடுக்காகப் போட்டு நனைத்து இடித்து, அதன் மேல் மூன்று அங்குலக் கான்கிரீட், வெளிப்பக்கம் ஒன்றே கால் அங்குலச் சரிவு. சுவரோடு ஒட்டவில்லை, நடுவில் தார் அட்டை வைத்தோம். சுவர் ஓரம் மண் ஒரேயடியாக ஊறாமல், ஒரேயடியாகக் காயாமல் இருக்க இதுதான் காவல். 38,000. முழு வீட்டுக்கும் செய்ய வேண்டிய ஒரே அஸ்திவார வேலை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன், கரிசல் வீடு எதுவாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிட்டு விரிசலைப் பார்க்கலாம்.

கடைசியாக இணைப்பு. பழைய வீட்டையும் சமையலறையையும் கம்பி போட்டுத் தைத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பொறியாளர் நேர்மாறாகச் சொன்னார்: இரண்டும் வேறு வேறு எடை, வேறு வேறு வயது, ஒட்டிவைத்ததுதான் பிரச்சினை, பிரித்துவிடு. இரண்டு பக்கமும் கட்டிங் மிஷின் வைத்துத் தரையிலிருந்து தளம் வரை 20 மி.மீ. அகலத்துக்கு நேர்கோடாக வெட்டினோம். உள்ளே நுரைக் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கான் போட வேண்டாம், அதன் மேல் பெயின்ட் நிற்காது. உள்பக்கம் ஒரு அலுமினியப் பட்டை, ஒரு ஓரம் மட்டும் ஸ்க்ரூ. தளத்தின் மேல் இணைப்பில் மழை இறங்காமல் தகரம் மடித்து வைத்தோம். 6,200.

அந்த இணைப்பைத் தாண்டிப் போகும் குழாய்களை மறந்துவிட்டோம். சுவருக்குள் பதித்த சி.பி.வி.சி. குழாய் 2024 நவம்பரில் முழங்கையில் விரிந்து, புதுப் பூச்சு இரண்டு அடிக்கு ஊறிவிட்டது. இப்போது அந்த இடத்தில் மட்டும் ஒரு அடி நெளியும் குழாய், வயருக்கும் பெட்டிக்குள் ஒரு சுற்றுத் தளர்வு.

சமையலறைக்குள் தரை டைல்ஸ் உடனே போடவில்லை. தரை இன்னும் கரிசல் மேல்தான் இருக்கிறது, சுவர் நின்றாலும் தரை உப்பலாம். மழை முடிந்து 2025 ஜனவரியில் டியூப் லெவல் வைத்துப் பார்த்தோம், நடுத்தரை 4 மி.மீ. ஏறியிருந்தது, அவ்வளவுதான். பழைய தரையைப் பெயர்த்து, அரை அடி சரளை நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டு, வடமேற்கு மூலையின் 31 மி.மீ. இறக்கத்தையும் அதிலேயே சமப்படுத்தி டைல்ஸ் ஒட்டினோம். சுவரைப் பழைய மட்டத்துக்குத் தூக்க யாரும் முயற்சி செய்யவில்லை, செய்யவும் கூடாது என்றார்கள். ஜன்னல் சட்டம் மட்டும் இன்னும் லேசாகச் சாய்ந்திருக்கும்.

மறுபடி செய்வதாக இருந்தால் குழியை முதல் வாரத்திலேயே தோண்டுவேன். இரண்டு குழிக்கும் கூலி மூவாயிரம் ரூபாய் ஆகவில்லை, அதுவே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அளப்பது அதற்குப் பிறகும் வேண்டும், ஆனால் எங்கே ஸ்க்ரூ முடுக்குவது என்று தெரிந்து முடுக்கியிருப்பேன். நடைமேடையையும் கழிவுக் குழாயையும் காத்திருக்கும் அந்த வருடத்திலேயே முடித்திருக்கலாம், அவை எந்த முடிவு வந்தாலும் தேவைப்படும் வேலைகள். பழைய வீட்டுக்குள் வயரிங்கையும் அப்போதே தொடங்கியிருக்கலாம், கீறல்கள் அசையவில்லை என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது.

கீறல்களை கொத்தி, சலித்த சுண்ணாம்பும் மணலும் 1:3 கலந்து அடைத்திருக்கிறோம். சிமெண்ட் வைக்கவில்லை, சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே உப்புப் பூக்கும்.

தெற்குக் குளியலறை இன்னும் கட்டவில்லை. அதற்கு வானம் சுக்கான் வரை, பழைய சுவரோடு ஒட்டாமல் தனிச் சுவராக, நடுவில் முதலிலேயே இணைப்பு விட்டு, குழாய்கள் எல்லாம் வெளிப்பக்கமாகவே வருகிற மாதிரி வரைபடம் போட்டாயிற்று. ஆவணியில் தொடங்குகிறோம்.